எஸ்கியூஎல்சி: லெஃப்ட் ஜாயினில் எம்பெட் போட்டால் நல் (NULL) வரிசையில் உடைகிறது

வணக்கம் நண்பர்களே. நான் பயன்படுத்துவது கோ மொழி, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், அதனுடன் இணைக்கும் பிஜிஎக்ஸ் 5 லைப்ரரி, எஸ்கியூஎல் குவெரிகளிலிருந்து கோ கோடை உருவாக்கும் எஸ்கியூஎல்சி கருவி. ஆர்டர்ஸ் டேபிளோடு கஸ்டமர்ஸை லெஃப்ட் ஜாயின் செய்து (கஸ்டமர் இல்லாத ஆர்டரும் வரும்), கஸ்டமர்ஸை எம்பெட் (sqlc.embed, டேபிளின் வரிசையை ஒரே ஸ்டிரக்டாகத் தருவது) மூலம் எடுக்கிறேன். உருவாகும் ஸ்டிரக்டில் கஸ்டமர் பாயிண்டராக வராமல் நேரடி மதிப்பாகவே வருகிறது. கம்பைல் சுத்தமாக ஓடுகிறது. ஆனால் நேரில் வந்து வாங்கியவரின் ஆர்டரில் கஸ்டமர் ஐடி நல், அதாவது மதிப்பே இல்லை. அந்த வரிசை வந்ததும் ஸ்கேன் நல்லை ஸ்டிரிங்கில் போட முடியாமல் பிழை தருகிறது. டைப் பாதுகாப்புக்காகவே எடுத்த கருவி, பிழையை ஓடும் நேரத்துக்குத் தள்ளிவிடுகிறது என்பதுதான் வருத்தம்.

காரணம் புரிகிறது: எம்பெட், டேபிளின் நாட் நல் விதியை அப்படியே எடுத்துக்கொள்கிறது, ஜாயினைப் பார்ப்பதில்லை. நெடுவரிசைகளைத் (column) தனித்தனியாக எழுதினால் சரியாக, நல்லை ஏற்கும் பிஜிடைப் டெக்ஸ்ட் (pgtype.Text) வருகிறது. ஆனால் 14 நெடுவரிசைகள். ஒவ்வொரு குவெரிக்கும் தனி ரோ ஸ்டிரக்ட், தனி மேப்பிங். எஸ்கியூஎல்சியின் யாம்ல் (YAML) அமைப்பு ஃபைலில் ஓவர்ரைடு போட்டுப் பாயிண்டராக்கினால் மற்ற எல்லா குவெரிகளிலும் பாயிண்டர் ஆகிவிடும், அது வேண்டாம். கோலெஸ் (COALESCE, நல்லுக்குப் பதில் வேறு மதிப்பு தருவது) போட்டு வெற்று ஸ்டிரிங் தருவதும் சரியில்லை: பெயர் இல்லாதவரும் கஸ்டமரே இல்லாததும் ஒன்றாகிவிடும்.

எம்பெட்டை விடாமல் இதைத் தீர்த்தவர்கள் உங்கள் குவெரியையும் யாம்லையும் பகிர முடியுமா? இரண்டு குவெரியாகப் பிரித்து, கஸ்டமர்ஸை ஐடி பட்டியலால் எனி (ANY) கொண்டு எடுப்பவர்கள் இருந்தால் அதுவும் உதவும்.