மறு: 'வெண்டர் லாக்-இன்' – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஒரு நிறுவனத்திடம் மென்பொருளோ சேவையோ வாங்கியவர், பெரும் செலவோ இழப்போ இல்லாமல் அதைவிட்டு வேறொன்றுக்கு மாற முடியாமல் மாட்டிக்கொள்ளும் நிலைதான் 'வெண்டர் லாக்-இன்'. அதற்குத் தமிழ்ச் சொல் தேடி இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் நேற்றிரவு ஒருசேரப் படித்தேன். நான் முன்வைத்த 'விலகாப் பிணை' என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காரணத்தைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன். முதலில் இந்த மடல்:

> 'விற்பனையாளர் பூட்டு' என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

எனக்குப் புரியவில்லை, நண்பரே. பூட்டு விற்கிறவரைப் பற்றிய சொல் என்றுதான் புதிதாகப் படிப்பவர் நினைப்பார். அது சிறிய குறை. பழி முழுவதையும் விற்றவர் தலையில் இறக்கிவைப்பதுதான் பெரிய குறை. அரசுத் துறை ஒரு மென்பொருள் நிறுவனத்திடம் மாட்டிக்கொள்கிறது என்றால், மாட்டிக்கொள்ளும்படியான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது அந்தத் துறைதான். மென்பொருளின் மூல நிரல் (சோர்ஸ் கோடு) யாருக்குச் சொந்தம், தரவை எந்த வடிவத்தில் திருப்பித் தர வேண்டும், காலம் முடிந்தால் என்ன நடக்கும் என்பதையெல்லாம் எழுதாமல் விட்டது வாங்கியவர். நாம் ஆக்கும் சொல் அதை மறைக்கக் கூடாது.

இதை அனுபவித்துச் சொல்கிறேன். நான் கணக்குப் பார்த்துவந்த ஓர் அலுவலகத்தில் பதினொரு ஆண்டுப் பதிவுகள் ஒரு மென்பொருளுக்குள் இருந்தன. வேறு மென்பொருளுக்கு மாற முடிவு செய்து தரவைக் கேட்டபோது, தரவு ஏற்றுமதி ஒப்பந்தத்தில் இல்லை என்று பதில் வந்தது. எடுத்துப் பார்த்தோம். உண்மையாகவே இல்லை. வாங்கும்போது விலையைப் பற்றி மூன்று கூட்டம் போட்டோம். இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட. பிறகு அச்சிட்ட தாள்களைப் பார்த்து இரண்டு மாதம் கைவலிக்கத் தட்டச்சு செய்தோம்.

இதே கதை நாடளவில் நடந்தால் எவ்வளவு ஆகும் என்பதற்கு பிரிட்டன் வரித்துறையின் 'ஆஸ்பயர்' என்ற கணினிச் சேவை ஒப்பந்தம் சாட்சி. 2004-இல் கேப்ஜெமினி நிறுவனத்தின் தலைமையில் தொடங்கியது. புஜித்சு நிறுவனமும் அதில் முக்கியப் பங்காளி. முதலில் மதிப்பிட்ட செலவு 410 கோடி பவுண்டு. 2014 மார்ச் வரையில் செலவானது 790 கோடி பவுண்டு என்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2014-இல் அறிக்கை தந்தது. இடையில் கூடுதல் வேலைகள் சேர்ந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் ஒரு நாட்டின் வரி வசூல் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளை வைத்திருப்பவரிடம் "நாளை முதல் வராதீர்கள்" என்று சொல்லும் துணிச்சல் எந்த அதிகாரிக்கு வரும்? ஒப்பந்தம் 2017 வரை நீண்டது.

அந்நாட்டு நாடாளுமன்றக் குழு ஒன்று 2011-இலேயே, விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெரிய நிறுவனங்களை அரசு நம்பிக் கிடப்பதைக் கடுமையாகக் கண்டித்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், மத்திய அரசின் புதிய தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தங்களை இணையத்தில் வெளியிட வேண்டும், 25,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவையும் வெளியிட வேண்டும் என்று அப்போதைய பிரதமர் கேமரன் துறைகளுக்கு எழுதினார். 2014 ஜனவரியில், அரசுத் துறைகள் தாண்டக் கூடாத நான்கு தடைக்கோடுகள் வந்தன. தகுந்த காரணமின்றி 10 கோடி பவுண்டுக்கு மேல் ஒப்பந்தம் கூடாது. ஒப்பந்தம் தானாக நீளக் கூடாது. வழங்கி (சர்வர்) வாடகை ஒப்பந்தம் இரண்டாண்டைத் தாண்டக் கூடாது. அரசின் ஒரு பகுதியில் சேவை தருபவரே அங்கே அனைத்தையும் ஒருங்கிணைப்பவராகவும் இருக்கக் கூடாது.

இந்த நான்கையும் மெதுவாகப் படித்துப் பாருங்கள். விற்பவருக்கு எதிராக எழுதியவை போலத் தோன்றும். உண்மையில் நான்கும் வாங்குபவர் தம் கையைத் தாமே கட்டிக்கொள்ளாமல் இருக்கச் செய்த விதிகள். அந்த ஜூலையில் அரசு ஆவணங்களைப் பகிர்வதற்குத் எந்த ஒரு நிறுவனத்தின் மென்பொருளையும் சாராத திறந்த ஆவண வடிவத்தை (ODF) தரமாக அறிவித்ததும் இதே நோக்கத்தில்தான். கோப்பின் வடிவமே ஒரு கயிறு.

> உடும்புப்பிடி என்றால் என் பாட்டிக்கும் புரியுமே!

அம்மா, இந்த இழையிலேயே அழகான சொல் இதுதான். செய்தித்தாள் தலைப்புக்கு நானே பயன்படுத்துவேன். ஆனால் உடும்புப்பிடி என்பது பிடித்தவரின் உறுதியைச் சொல்லும் சொல். பல நேரம் பாராட்டாகவும் சொல்கிறோம். இங்கே நாம் பேச வேண்டியது பிடிபட்டவரின் நிலை. தவிர, தணிக்கை அறிக்கை எழுதுபவர் இதிலிருந்து பெயரடையும் வினையும் ஆக்கிக்கொள்ள வழியில்லை.

இழையில் வந்த மற்றச் சொற்களில், 'சார்புநிலை' மிகப் பொதுவானது. மென்பொருள் தமிழாக்கத்தில் 'சார்பு' ஏற்கெனவே வேறொரு பொருளில் குடியேறிவிட்டது. 'விலகல் தடை' என்றால் விலகக் கூடாதென்று யாரோ ஆணையிட்டதாகப் பொருள்படும். அப்படி எந்த ஆணையும் இல்லை. விலகினால் தாங்காது, அவ்வளவுதான்.

இனி என் சொல்லுக்கு வந்த மறுப்பு:

> ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் பிணை என்றால் பிணைத்தொகை. 'விலகாப் பிணை' என்று எழுதினால், திருப்பித் தராத வைப்புத்தொகை என்று எண்ணிவிடுவார்கள்.

ஐயா சொல்வது முற்றிலும் சரி. எந்தத் துறைக்காகச் சொல் ஆக்குகிறோமோ அந்தத் துறையிலேயே அது வேறு பொருள் தருமானால், அதைக் கைவிடுவதே முறை. இலங்கை நண்பர்களுக்குப் 'பிணைமுறி' என்றால் அரசின் கடன் பத்திரம் என்பதையும் நான் மறந்திருந்தேன்.

ஆகவே 'விலகாக் கட்டு' என்று மாற்றி முன்வைக்கிறேன். கட்டு என்பதில் கட்டியவரும் இருக்கிறார், கட்டுண்டவரும் இருக்கிறார். 'கட்டுண்ட துறை', 'கட்டுண்ட தரவு' என்று பெயரடை தடையின்றி வருகிறது. கட்டு விலகாதா, ஆள் விலகமுடியாதா என்று ஒருவர் கேட்கக்கூடும். 'மீளாத் துயர்' என்கிறோம், மீளாதவர் துயருற்றவர்தானே? தமிழின் பெயரெச்சம் இந்த இரண்டையும் தாங்கும். 'மீளாக் கட்டு' என்று வைக்க மனம் வரவில்லை. பணமும் காலமும் செலவழித்தால் இதிலிருந்து வெளியே வர முடியும். வழியே இல்லை என்று சொல்லிவிட்டால் சீர்திருத்தம் பேசவே இடமில்லாமல் போகும்.

இதனோடு இன்னொரு சொல்லும் வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம்: 'விலகுசெலவு'. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. இடையில் ஒற்று மிகாது. முக்காலத்தையும் அடக்கும் என்பதால், ஏற்கெனவே விலகியவர் செலவழித்ததையும் நாளை விலக இருப்பவர் ஒதுக்க வேண்டியதையும் ஒரே சொல்லில் சொல்லலாம். ஒப்பந்தப்புள்ளியை மதிப்பிடும்போது அட்டவணையில் விலை, பராமரிப்பு, பயிற்சி என்று பத்திகள் போடுகிறார்கள். விலகுசெலவுக்கு ஒரு பத்தி போட்டு, அதை ஒப்பந்தத்தோடு பொதுமக்கள் பார்வைக்கு வைத்தால், குறைந்த விலை கேட்டவர் உண்மையிலேயே குறைந்த விலைக்காரர்தானா என்பது கையெழுத்திடும் முன்பே தெரிந்துவிடும். பெயரில்லாத செலவை எந்தத் தணிக்கையாளரும் எந்தப் பத்தியிலும் தேட முடியாது.

சொற்கள் வாக்கியத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க, பிரிட்டன் அஞ்சல் நிறுவனத்துக்குப் புஜித்சு வழங்கிய 'ஹொரைசன்' கணக்கு மென்பொருளைப் பற்றி எழுதிப் பார்த்தேன்:

"ஹொரைசனின் பழைய வடிவம் நம்பத்தகுந்ததல்ல என்று உயர் நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்த பிறகும், அஞ்சல் நிறுவனம் அதே புஜித்சுவுடனான ஒப்பந்தத்தை நீட்டித்தது. அது விலகாக் கட்டு. கட்டுண்ட நிறுவனம் தன் விலகுசெலவைத் தொடக்கத்திலேயே கணக்கிட்டிருக்க வேண்டும்."

எனக்கு இடறவில்லை. உங்களுக்கு எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள். 'விலகாக்கட்டு' என்று சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்பதிலும் இலக்கணம் அறிந்தவர்கள் கருத்து வேண்டும். வரும் ஞாயிறு சொற்பட்டியலில் ஏற்றலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்