பழைய ராஃப்டோட புது காங்கிரீட் சேர்க்கலாமா? அவசரம்

மோட்டார்ரூம்: வீட்டுக்குப் பின்னாடி இருந்த ஸ்டோர் ரூமை இடிச்சாச்சு. ராஃப்ட் (ரூம் அடியில பூரா ஒரே பலகையா போட்ட காங்கிரீட் அஸ்திவாரம்) நல்லாத்தான் இருக்கு. தெற்கே 6 அடி நீட்டணும். துளை போட்டு கம்பி சொருகி பழசோட சேர்த்துடலாம்னு கொத்தனார் சொல்றார். வியாழக்கிழமை காங்கிரீட். சரியா வருமா?

கட்டுகம்பி: எந்த ஊர் மண்? ராஃப்ட் எத்தனை இஞ்ச்? கம்பி ஒரு வரிசையா, ரெண்டா? ஓரத்துல பீம் இருக்கா? பக்கத்துல மரம்?

ஆத்துமணல்: எந்த மண்ணா இருந்தாலும் 2 அடி தோண்டி மணல் நிரப்பி தண்ணி விடுங்க. முடிஞ்சது.

சைட்சார்: மாசம் ஒருத்தர் இதே கேள்வி. பழைய பதிவைத் தேடிப் படிக்கிற வழக்கமே போச்சு. கம்பி சொருகிட்டா ஒட்டிக்கும்னு ஒரு நினைப்பு!

மோட்டார்ரூம்: கோவில்பட்டி பக்கம், கரிசல். 10க்கு 12 அடி, 6 இஞ்ச் கனம். இடிச்ச மூலையில 8 எம்எம் ஒரே வரிசை தெரியுது. பீம் தெரியலை. 8 அடியில வேப்பமரம்.

கட்டுகம்பி: அப்போ சேர்க்காதீங்க. மூடிக் கிடந்த பழைய ராஃப்டுக்கு அடியில ஈரம் ஓரளவு நிலையா இருக்கும். புதுப் பக்கம் வெயில்ல வெடிச்சுக் கிடக்கு, ஐப்பசி மழைக்கு உப்பும். 12 எம்எம் கம்பியை அடிக்கு ஒண்ணா, 16 எம்எம் துளையில 6 இஞ்ச் ஆழம், தூசி ஊதி எபாக்ஸி பசை வச்சே சொருகினாலும் கம்பி நிக்கும், ஒத்தை வரிசை ராஃப்ட்தான் பிளக்கும். வழி ரெண்டு. நடுவுல 1 இஞ்ச் தெர்மாகோல் விட்டுத் தனியா போடணும். அப்போ சுவரும் கூரையும் அதே கோட்டுல பிரியணும். இல்லேன்னா பழசை உடைச்சு 10க்கு 18 முழுசா, சுத்தி பீமோட, ரெண்டு வரிசைக் கம்பியில போடணும். 6 இஞ்ச் தளத்துக்கு மட்டும் 90 கன அடி காங்கிரீட்தான்.

சைட்சார்: மணல் யோசனை ஆபத்து. கரிசல்ல தோண்டின குழி தொட்டி மாதிரி. மணல் வழியா மழைத்தண்ணி இறங்கித் தேங்கி, அடிமண்ணை உப்ப வைக்கும். கிராவலை 6 இஞ்ச் அடுக்கா நனைச்சு திமிசு போட்டு இறுக்கணும்.

ஆத்துமணல்: மணல் மெத்தை மாதிரி உப்பலை வாங்கிக்கும் சார். முதல்ல அது உப்புற மண்தானான்னு யார் பார்த்தா?

சைட்சார்: பார்க்கலாமே. காய்ஞ்ச மண்ணை 425 மைக்ரான் சல்லடையில சலிச்சு, 10 கிராம் தண்ணியில, 10 கிராம் மண்ணெண்ணெயில, அளவுக் குழாய்ல 24 மணி நேரம். படிஞ்ச மண் மண்ணெண்ணெயில 10 மில்லி, தண்ணியில 18 நின்னா 80 சதவீத உப்பல். 50 தாண்டினாலே ஜாக்கிரதை.

ஆத்துமணல்: மண்ணெண்ணெய்க்கு எங்கே போறது? ரேஷன்லயே கிடைக்கலை.

கட்டுகம்பி: சண்டை அப்புறம். தம்பி, மரத்தை வெட்டின கையோட கட்டிடாதீங்க. வேர் உறிஞ்சின ஈரம் திரும்பி வர வர மண் மேலே எழும்பும். சுத்தி 3 அடிக்கு வெளிச்சரிவா தளமும் போடுங்க. பழசும் புதுசும் சேர்ற கோட்டைத் தாண்டி சுவர் போகுதா?

மோட்டார்ரூம்: ரெண்டு சுவர் போகுது. ஓரம் தோண்டிப் பார்த்தோம், பீம் இல்லை. வியாழன் காங்கிரீட் நிறுத்தியாச்சு, பழசை உடைக்கிறோம். நன்றி.

கட்டுகம்பி: மரம்?