வம்சாவளியை இணையத்தில் ஏற்றினேன், பங்காளி சண்டைக்கு வந்துவிட்டான்

குடியாத்தத்தான்:
எங்கள் வம்சாவளியை ஐந்து தலைமுறைக்கு எழுதி ஓர் இலவசத் தளத்தில் ஏற்றினேன். மூன்று வருட வேலை. தாத்தாவின் நோட்டு, கல்யாணப் பத்திரிகைகள், பழைய கிரயப் பத்திரங்கள், குலதெய்வக் கோயிலுக்கு வரி கொடுக்கும் பங்காளிகள் பட்டியல் என்று துருவித் துருவிச் சேர்த்தது. போன வாரம் சித்தப்பா மகன் போன் செய்து, "யாரைக் கேட்டு எங்கள் வீட்டுப் பேரைப் போட்டாய்? உடனே எடு" என்று சத்தம் போட்டான். நான் செய்தது தப்பா?

கோட்டைவாசி:
தப்புதான். வங்கிக்குப் போன் செய்தால் நம்மைச் சரிபார்க்க என்ன கேட்கிறார்கள்? பிறந்த தேதி, அம்மா பேர். இரண்டையும் நீங்களே படம் வரைந்து கொடுத்துவிட்டீர்கள். 2023-ல் ட்வென்டித்ரீ அண்ட் மீ என்ற மரபணுப் பரிசோதனை நிறுவனத்தில் திருடர்கள் நேரடியாகத் திறந்தது சுமார் 14,000 கணக்குகளைத்தான். அதிலிருந்து உறவுமுறை இணைப்பைப் பிடித்துக்கொண்டே போய் சுமார் 69 லட்சம் பேரின் விவரத்தை அள்ளிவிட்டார்கள். ஒரு பங்காளி கதவைத் திறந்து போட்டால் தெரு முழுக்கத் திருட்டு.

வாலாஜா வாத்தியார்:
ஐயா, அதற்காக எல்லாவற்றையும் பரணில் போட்டுப் பூட்டச் சொல்கிறீர்களா? மதராஸிலிருந்து ஆட்களோடு போன ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், ஜில்லா எழுதிய பதிவேடு இருக்கிறது. ஜில்லா என்ற கட்டத்தில் வட ஆற்காடு நிறையவே வரும். அவர்களின் பேரன் பேத்திகள் இன்று அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நம்மைத் தேடுகிறார்கள். இந்தப் பக்கம் ஒருவருமே ஏற்றவில்லை என்றால் அவர்கள் யாரோடு ஒட்டுவது?

எனக்கும் ஒருவர் எழுதினார். அவர் சொன்ன ஊரை வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை எங்கும் காணோம். அப்புறம்தான் உறைத்தது: 1911 வரை சித்தூரும் வட ஆற்காடுதான். ஊர் இப்போது ஆந்திராவில்.

கோட்டைவாசி:
வாத்தியாரே, நூறு வருடத்துக்கு முன் செத்தவர்களைப் போடுங்கள், நானே கைதட்டுகிறேன். உயிரோடு இருப்பவர்களைப் பற்றித்தான் பேச்சு. ஃபேமிலிசர்ச் மாதிரியான தளத்தில் உயிரோடு இருப்பவர்கள் அடுத்தவர் கண்ணில் பட மாட்டார்கள். இவருடைய தளத்தில் எப்படியாம்?

குடியாத்தத்தான்:
"எல்லோருக்கும் தெரியும்படி" என்று வைத்திருந்தேன். அது என் பிழைதான். நேற்று மாற்றிவிட்டேன்.

தளத்தோடு பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம். அது குடும்பப் பெயர் கேட்கிறது. நமக்கு ஏது? அப்பா பேரைப் போட்டால் தாத்தா, அப்பா, நான் மூன்று பேரும் மூன்று குடும்பம். பேரனுக்குத் தாத்தா பேர் வைக்கும் வழக்கம் வேறு. ஒரே பெயரில் ஐந்து பேர் இருக்கிறார்கள். "இருவரும் ஒருவரா, சேர்த்துவிடவா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். தூக்கக் கலக்கத்தில் ஒரு தடவை சரி என்று அழுத்தி, கொள்ளுத்தாத்தாவும் பெரியப்பா பையனும் ஒரே ஆளாகிவிட்டார்கள்.

பேரணாம்பட்டு பாய்:
எங்கள் பெரியத்தா வீட்டில் ஷஜ்ரா, அதாவது எங்கள் வம்சாவளி, ஒரு துணிச் சுருளில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து கேட்டால் விரித்துக் காட்டுவார், டீயும் கொடுப்பார். போட்டோ மட்டும் எடுக்க விடமாட்டார்.

ஆம்பூர் அக்கா:
பாய், அந்தச் சுருளில் பெண்கள் பேர் உண்டா? எங்கள் வீட்டு வம்சாவளியில் கிடையாது. பெண்ணைக் கட்டிக் கொடுத்ததோடு கோடு நின்றுவிடும்.

குடியாத்தத்துத் தம்பிக்கு ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் சித்தப்பா மகன் வங்கிக் கணக்குக்குப் பயந்துதான் சத்தம் போடுகிறாரா? பட்டா மாறாத நிலம் ஏதாவது இருக்கிறதா? 1989-ல் நம் மாநிலம் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்பிலேயே பங்கு கொடுத்தது. அந்த மார்ச் 25-க்கு முன்னே கல்யாணமானவளுக்கு இல்லை என்று ஒரு வரி வைத்தார்கள். 2005-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்தக் கல்யாணக் கணக்கு இல்லை. அதிலிருந்து பல வீடுகளில் வம்சாவளி என்றாலே வக்கீல் நோட்டீஸ் மாதிரி பார்க்கிறார்கள்.

கோட்டைவாசி:
அக்கா, இணையத்தில் போட்ட வம்சாவளி மரத்தை வைத்து யாரும் பங்கு வாங்க முடியாது. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்று வேண்டும்.

ஆம்பூர் அக்கா:
சான்று கேட்டுப் போவதற்கு முதலில் இன்னாருடைய மகள் என்று தெரிய வேண்டுமே!

குடியாத்தத்தான்:
அக்கா, நீங்கள் தொட்டது சரியான இடத்தில். முழுதாகச் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா இளவயதில் கோலார் தங்கவயலில் வேலை பார்த்தார். எங்கள் பக்கமிருந்து போன எத்தனையோ பேரில் ஒருவர். சுரங்கத்தை 2001-ல் மூடினார்கள், அவர் அதற்கு இருபது வருடம் முன்னாலேயே ஊருக்கு வந்து சித்தியைக் கட்டிக்கொண்டார். இப்போது இல்லை. மரத்தைப் பார்த்துவிட்டுத் தங்கவயலிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். அவர் அம்மாவின் கல்யாணப் போட்டோ ஒன்றையும் அனுப்பி, "இவர்தான் என் அப்பா, உங்கள் மரத்தில் இருப்பவர் இவரா?" என்று கேட்டிருக்கிறார். போட்டோவில் இருப்பது சித்தப்பாதான். எனக்குச் சந்தேகமே இல்லை. தம்பியிடம் காட்டினேன். அன்றுதான் அந்தப் போன். "இவர் இல்லை என்று எழுதிவிட்டு மரத்தை எடு" என்கிறான்.

கோட்டைவாசி:
இதைத்தான் சொன்னேன். எழுபது வயதில் உங்கள் சித்தி இதைக் கேட்க வேண்டுமா? உங்கள் ஆசைக்கு மரம் வரைந்தீர்கள், அடிபடப்போவது அவர்.

வாலாஜா வாத்தியார்:
கல்யாணம் செய்ததை மறைத்தது சித்தப்பா. மரம் வரைந்தவரை ஏன் அடிக்கிறீர்கள்? மரத்தை எடுங்கள், எடுக்காதிருங்கள், பொய் மட்டும் எழுதாதீர்கள்.

ஆம்பூர் அக்கா:
சட்டப்படி முதல் தாரத்து மகளும் இரண்டாம் தாரத்து மகனும் அவருக்கு ஒரே மாதிரி வாரிசு. அந்தப் பெண் பங்கு கேட்டாரா?

குடியாத்தத்தான்:
இல்லை. எப்போது இறந்தார், திதி என்றைக்கு என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான்.

கோட்டைவாசி:
சரி, அது நான் எதிர்பார்க்காதது. இருந்தாலும் சித்தியிடம் முதலில் பேசுங்கள். உங்கள் தம்பியை வைத்துக்கொண்டு பேசுங்கள், முதுகுக்குப் பின்னால் வேண்டாம்.

ஆம்பூர் அக்கா:
பேசுங்கள். ஆனால் அந்தப் பெண் எழுதி எத்தனை நாளாகிறது?

குடியாத்தத்தான்:
இன்றோடு பதினொரு நாள்.