கேபிளைக் கழற்றிவிட்டு அன்ரனாவுக்கும் இணையத்துக்கும் மாறலாமா? திருகோணமலை வீடொன்றின் கணக்கு

உவர்மலைக் காற்று:
எங்கள் வீட்டுக் கேபிள் இணைப்பை இந்த மாத முடிவோடு நிறுத்திவிட எண்ணியிருக்கிறேன். அதற்கு முன், இதே ஊரில் இதைச் செய்து பார்த்தவர்களிடமும், செய்ய வேண்டாம் என்பவர்களிடமும் காரணங்களைக் கேட்டுவிட விரும்புகிறேன். வீட்டில் அம்மா, மனைவி, மகள், நான் என நான்கு பேர். மகளின் படிப்புக்காக எடுத்த ஃபைபர் இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது. கேபிளில் எண்பதுக்கு மேற்பட்ட அலைவரிசைகள் வருகின்றன. ஆனால் ஒரு வாரம் முழுவதும் பழைய கொப்பி ஒன்றில் குறித்துப் பார்த்தபோது, நாங்கள் உண்மையில் பார்த்தவை ஆறு மாத்திரமே என்று தெரிந்தது. அந்த ஆறில் சக்தி, வசந்தம், நேத்ரா ஆகிய மூன்றும் வான்வழியே இலவசமாக ஒளிபரப்பாகுபவை. எஞ்சிய மூன்றும் தமிழகத்து அலைவரிசைகள். அவற்றில் அம்மா பார்க்கும் தொடர்களுக்கு ஒரு கட்டணச் செயலி போதும். அப்படியிருக்க, பார்க்காத எழுபத்துச் சொச்சத்துக்கு மாதாமாதம் நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடந்த வாடை மழையில் எங்கள் ஒழுங்கையில் ஒன்பது நாட்கள் கேபிள் வரவில்லை. மாத முடிவில் பற்றுச்சீட்டில் ஒரு ரூபா கூடக் குறைக்கப்படவில்லை. கேட்டதற்கு, "மழைக்கு நாங்கள் என்ன செய்வது?" என்றார்கள்.

பாலையூற்றான்:
தம்பி, ஒன்பது நாள் கோபத்தில் எடுக்கும் முடிவு இது என்று எனக்குத் தோன்றுகிறது. கேபிளுக்காக வாதாட எனக்குக் காரணம் உண்டு. முன்பு சில வருடங்கள் அந்தத் தொழிலில் கம்பம் ஏறியவன் நான்.

உங்கள் கணக்கில் ஃபைபர் "ஏற்கெனவே இருக்கிறது" என்பதால் அதைச் செலவில்லாத பொருளாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். முழுத் தெளிவான காட்சிக்கு ஒரு வினாடிக்கு 5 மெகாபிட் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணிநேரத்துக்கு 18,000 மெகாபிட், அதாவது 2.25 கிகாபைட். அம்மா நாளுக்கு நான்கு மணிநேரம் பார்த்தால் மாதத்துக்கு 270 கிகாபைட் அவருடைய தொடர்களுக்கு மாத்திரமே போய்விடும். அளவு வைத்து விற்கப்படும் டேட்டாப் பொதியில், மாதத்தின் இருபதாம் தேதி மகளின் வகுப்பு நடக்கும்போது இணையம் ஊரத் தொடங்கும். அன்று உங்கள் வீட்டில் நடக்கப்போகும் சண்டைக்கு நான் பொறுப்பில்லை.

அடுத்தது டொலர். டொலரில் கட்டணம் அறவிடும் செயலிகளை வைத்திருந்தவர்களிடம் 2022 ஐக் கேட்டுப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. செயலிக்காரர் விலையை ஒரு சதமும் உயர்த்தவில்லை. ஆனாலும் நமக்கு விலை ஏறத்தாழ இரட்டிப்பாகியது. கேபிள்காரருக்கு நாம் ரூபாவில் கொடுக்கிறோம், கையில் கொடுக்கிறோம், தேவையானால் ஒரு கிழமை பிந்தியும் கொடுக்கிறோம். எந்தச் செயலி பிந்திக் கொடுக்க விடும்?

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் அம்மா ரிமோட்டில் ஓர் இலக்கத்தை அழுத்திப் பார்க்கப் பழகியவர். செயலியைத் திறந்து, படங்களுக்கிடையே அம்புக்குறியை நகர்த்தி, நேற்று விட்ட இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்கு ஒவ்வொரு நாளும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

கிண்ணியா ரேடியோ:
பாலையூற்று அண்ணனின் பெருக்கல் சரி, எடுத்துக்கொண்ட எண்தான் கூடுதல். 32 அங்குலத் தொலைக்காட்சியில், எட்டு அடி தள்ளியிருந்து பார்க்கும் தொடருக்கு முழுத் தெளிவு தேவையில்லை. செயலியின் அமைப்பில் தரத்தைச் சாதாரண நிலையில் நிறுத்தி வைத்தால் மணிக்கு ஒரு கிகாபைட்டுக்குள் முடிந்துவிடும். 270 என்பது 120 ஆகிவிடும்.

அன்ரனாவைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் இங்கே பலர் அதை ஒரு கம்பியைக் கூரையில் செருகும் வேலை என்று நினைக்கிறார்கள். நான் திருத்தப் போகும் பத்து வீடுகளில் ஏழில் பழுது அன்ரனாவில் இருப்பதில்லை, வயரில்தான் இருக்கும். எண்பதுகளில் போட்ட தட்டையான இரட்டை வயரை இன்னும் சிலர் வைத்திருக்கிறார்கள். அது 300 ஓம் வயர் (ஓம் என்பது அலைக்கு வயர் காட்டும் மறுப்பின் அளவு). இப்போதைய தொலைக்காட்சிகளின் நுழைவாய் 75 ஓம். இடையில் பொருத்தும் சின்னஞ்சிறு மாற்றி இல்லாவிட்டால், வந்த அலையில் ஒரு பங்கு திரும்பி மேலே ஓடிவிடும். புதிதாகப் போடுபவர்கள் உருண்டை வயரையே வாங்குங்கள். அதை வீட்டுக்குள் எடுக்கும் இடத்தில் கையகல வளையமாகத் தொங்கவிடுங்கள். மழைநீர் வயர் வழியே இறங்கி வந்து அந்த வளையத்தின் அடியில் சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது. ஒருமுறை ஒரு வீட்டில் தொலைக்காட்சியின் பின்புற இணைப்பைக் கழற்றியபோது, அதிலிருந்து ஒரு தேக்கரண்டி தண்ணீர் என் உள்ளங்கையில் ஊற்றியது. அந்த வீட்டுக்காரர் அன்ரனாவை மூன்றுமுறை மாற்றியிருந்தார்.

உயரம் முக்கியம். மீற்றரில் அன்ரனாவின் உயரத்துக்கு வர்க்கமூலம் எடுத்து 4.12 ஆல் பெருக்கினால், தடையில்லாத நிலத்தில் அலை எட்டும் தூரம் கிலோமீற்றரில் வரும். 10 மீற்றர்க் குழாய்க்கு 13 கிலோமீற்றர்; 100 மீற்றர்க் கோபுரத்துக்கு 41. இரண்டையும் கூட்டினால் 54, குழாய்க்கும் கோபுரத்துக்கும் இடையே இருக்கக்கூடிய கூடிய தூரம் அதுதான். ஒளிபரப்புக் கோபுரம் நிற்கும் பிதுருதலாகலை மலை 2,524 மீற்றர் உயரமென்றாலும், நமக்கும் அதற்கும் ஏறத்தாழ 180 கிலோமீற்றர் இடைவெளியும் நடுவே மற்ற மலைகளும் இருப்பதால், அங்கிருந்து நேராக வருவதை நம்ப முடியாது. அருகிலுள்ள மறுஒளிபரப்புக் கோபுரத்தை நோக்கித்தான் திருப்ப வேண்டும். உவர்மலையில் இருப்பவருக்கு மேடு இலவசமாகக் கிடைத்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் குடாவின் தண்ணீருக்கு மேலாக அலை தடையின்றி வருகிறது. தென்னைகளுக்கு நடுவே தாழ்வில் இருப்பவர்கள்தான் குழாய்மேல் குழாய் கட்ட வேண்டியிருக்கும்.

கடைசியாக உப்புக் காற்று. கடலில் இருந்து அரைக் கிலோமீற்றருக்குள் இருந்தால், மலிவான அலுமினியம் இரண்டு மூன்று வருடங்களில் வெள்ளைப் பொடியாக உதிரும். ஆணிகளுக்குக் கிரீஸ் பூசுங்கள், குழாயை நிலத்தோடு இணைத்து மண் கம்பி போடுங்கள். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேர இடி தொடங்கும்போது வயரைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடுங்கள்.

மலிவு வழி:
இவ்வளவு பாடு எதற்கு? கடையில் ஆயிரக்கணக்கான அலைவரிசைகள் வரும் பெட்டியொன்று விற்கிறார்கள். ஒருமுறை பணம் கொடுத்தால் ஒரு வருடத்துக்கு எல்லாமே வருகிறது.

கிண்ணியா ரேடியோ:
வருவது களவாக எடுத்த ஒளிபரப்பு. உரிமையாளர் சேவையகத்தை முடக்கும் நாளில் உங்கள் ஒரு வருடமும் முடிந்துவிடும். விற்ற கடைக்காரர் பற்றுச்சீட்டும் தந்திருக்கமாட்டார். தம்பி, இதை இங்கே பரிந்துரைக்க வேண்டாம்.

சாம்பல்தீவு ரீச்சர்:
நாங்கள் கேபிளை விட்டு மூன்று வருடங்களாகின்றன. எனக்குப் பணத்தை விடவும் முக்கியமாகப் பட்டது வேறொன்று. கேபிள் இருந்த காலத்தில், சென்னையில் எந்தத் தெருவில் வெள்ளம் நிற்கிறது என்று என் பிள்ளைகளுக்குத் தெரியும். மூதூருக்குப் போகும் வழி மூடப்பட்டதா என்று தெரியாது. 2020 டிசம்பர் 2 ஆம் தேதி இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரையேறியபோது, எங்கள் வீட்டிலிருந்து அது எத்தனை மைல் தூரம்? அன்று கேபிள் மாலையிலேயே போய்விட்டது. பக்கத்து வீட்டில் அன்ரனா இருந்தது. உள்ளூர்ச் செய்தியை அங்கே போய் நின்றுதான் பார்த்தோம். அந்த மாதத்திலேயே எங்கள் வீட்டிலும் ஒன்று பூட்டச் சொன்னேன். இப்போது அன்ரனாவில் செய்தி, யூடியூபில் பிள்ளைகளின் பாடங்கள், வெள்ளி இரவு ஒரு படம். இதற்கு மேல் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

பாலையூற்றான்:
ரீச்சர், உங்கள் பக்கத்து வீட்டில் அன்று மின்சாரம் இருந்திருக்கிறது. எங்கள் பகுதியில் மின்சாரம் மாலையிலேயே போய்விட்டது. அன்ரனா இருந்தவர், கேபிள் இருந்தவர், இணையம் இருந்தவர் எல்லோரும் பற்றரி போட்ட வானொலியைத்தான் சுற்றி இருந்தோம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தபோதும், குரங்கொன்றைக் காரணம் சொன்ன 2025 பெப்ரவரி 9 ஆம் தேதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோதும் அதே கதைதான். ஆகவே புயலைச் சாட்சிக்கு அழைப்பது அன்ரனாவுக்குச் சார்பாகாது. சிறிய வானொலிக்குத்தான் சார்பாகும்.

ஆனால் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். கேபிள் வயர் தெருவில் சில நூறு மீற்றருக்கு ஒருமுறை அலையை வலுப்படுத்தும் ஒரு பெருக்கியைக் கடந்து வருகிறது. அந்தப் பெருக்கிக்கு மின்சாரம் அது தொங்கும் கம்பத்துக்குப் பக்கத்து வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோதான் போகும். அங்கே மின்சாரம் போனால், உங்கள் வீட்டில் விளக்கு எரிந்தாலும் படம் வராது. உங்கள் ஒன்பது நாட்களில் பாதிக்காவது இதுதான் காரணமாக இருந்திருக்கும். பெருக்கிக்குள் தண்ணீர் போயிருக்கும், புதியது வாங்க முதலாளி யோசித்திருப்பார். மழைமீது பழி போட்டது சரியில்லை.

சாம்பல்தீவு ரீச்சர்:
அண்ணா சொன்ன வானொலி எங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அந்தப் பதின்மூன்று மணிநேர நாட்களில் இன்னொன்றும் கற்றுக்கொண்டோம். ஃபைபர் ரூட்டர் 12 வோல்ட்டில், ஏறத்தாழ 10 வாட்டில் ஓடுகிறது. அதற்கென விற்கும் மினி யூபிஎஸ் என்ற சிறு பற்றரிப் பெட்டி ஒன்றில் 37 வாட்மணி சேமிப்பு இருந்தால், மூன்று மணிநேரமாவது இணையம் நிற்காது. கைபேசியிலேயே செய்தியைப் பார்த்துவிடலாம். கேபிளுக்கு அப்படியொரு வழி எங்கள் கையில் இல்லை, பெருக்கி பக்கத்துத் தெருவில் அல்லவா தொங்குகிறது?

உவர்மலைக் காற்று:
டிஷ் பற்றி யாரும் சொல்லவில்லையே. இந்தியாவின் டிடி ஃப்ரீ டிஷ் மாதக் கட்டணம் இல்லாமல் வருகிறது என்கிறார்கள். உள்ளூரில் கட்டணம் வாங்கும் டிஷ் சேவைகளை நான் கருதவில்லை. அவை கேபிளின் செலவையே வேறு வயரில் கொண்டுவருபவை.

கிண்ணியா ரேடியோ:
வரும். அது 93.5 பாகை கிழக்கில் நிற்கும் செய்மதி. நமக்குத் தென்கிழக்கே, வானில் ஏறத்தாழ 72 பாகை உயரத்தில், தலைக்கு மேல் என்றே சொல்லலாம். ஆகவே மதிலோ மரமோ மறைக்காது. 2024 ஜனவரியில் பெயர் மாறிய டிடி தமிழ், முன்னாள் பொதிகை, அதில் உண்டு. ஆனால் உங்கள் அம்மாவின் தொடர்களை அதில் எதிர்பார்க்க வேண்டாம்; அவை கட்டண அலைவரிசைகள். அத்தோடு, அந்த அலையின் நீளம் இரண்டரைச் சென்றிமீற்றர் அளவுதான். நீளம் குறையக் குறைய மழைத்துளி அலையைக் கூடுதலாக விழுங்கும். எனவே கார்த்திகை மழை கொட்டும் அந்த அரைமணிநேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். கூரை அன்ரனாவின் அலை அதைவிடப் பல மடங்கு நீளம். மழையை அது பொருட்படுத்தாது.

இன்னொரு எச்சரிக்கை. நாம் இப்போதும் பார்ப்பது பழைய அனலாக் ஒளிபரப்பு. டிஜிற்றல் முறைக்கு யப்பானின் ஐஎஸ்டிபி-டி என்ற தரத்தை அரசு 2014 இல் தெரிவுசெய்தது. அது வரும்போது அன்ரனா அப்படியே பயன்படும், ஆனால் தொலைக்காட்சி அந்தத் தரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கடையில் "டிஜிற்றல் ரியூனர் உண்டு" என்று சொல்லி விற்பதில் பல, ஐரோப்பியத் தரத்துக்குச் செய்யப்பட்டவை. புதிய தொலைக்காட்சி வாங்குவோர் பெட்டியில் எழுதியிருக்கும் தரத்தை வாசித்துவிட்டு வாங்குங்கள்.

உவர்மலைக் காற்று (மூன்று வாரங்களின் பின்):
செய்துவிட்டேன். கேபிளை நிறுத்தி, கூரையில் அன்ரனா பூட்டி, வளையமும் தொங்கவிட்டிருக்கிறேன். சக்தியும் வசந்தமும் கண்ணாடிபோல வருகின்றன. நேத்ராவில் சற்றுப் புள்ளி விழுகிறது, குழாயை இன்னும் ஐந்தடி உயர்த்தினால் சரியாகும் என்றார் பூட்டியவர். செயலியின் தரத்தைக் குறைத்து வைத்ததில் இணையமும் தாக்குப்பிடிக்கிறது.

பாலையூற்று அண்ணன் சொன்ன ஒன்று மாத்திரம் அப்படியே நடந்திருக்கிறது. செயலியைத் திறக்க அம்மாவுக்கு மகள் வேண்டும். மகளுக்கோ மாலையில் ரியூஷன். ஏழு மணித் தொடர் இப்போது எங்கள் வீட்டில் எட்டரைக்கு ஓடுகிறது. முதல் இரண்டு நாட்கள் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள், பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் அன்றைய கதையை முன்கூட்டியே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஏழு மணிக்கு அம்மா அங்கே போய்விடுகிறார். நான் சேமிக்கும் கேபிள் காசு அந்த வீட்டின் கட்டணத்தில் ஓடுகிறது என்று மனைவி சொல்கிறார்.

பாலையூற்றான்:
நான் வென்றேன் என்று சொல்ல வரவில்லை, தம்பி. உடனடியாகச் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. இணைப்பை நிறுத்தும்போது, கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் வயரைக் கழற்ற வேண்டாம் என்று சொன்னீர்களா? கழற்றிச் சுருட்டிக்கொண்டு போயிருந்தால், மீண்டும் கேட்கும்போது புது இணைப்புக் கட்டணம் முழுவதையும் கேட்பார்கள். இன்று மாலையே கம்பத்தைப் பாருங்கள்.