சூடானால் ஸ்டார்ட் ஆகாத ஆர்எக்ஸ்-8: பெங்களூரில் ரோட்டரி தெரிந்தவர்கள் யாராவது உண்டா?

அல்சூர்வாசி

வணக்கம். என்னிடம் 2005 மாடல் மஸ்தா ஆர்எக்ஸ்-8 கார் இருக்கிறது. ரோட்டரி என்ஜின், அதாவது பிஸ்டனுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுற்றும். ஆறு கியர் மேனுவல். முந்தைய உரிமையாளர் வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த வண்டி. (ஸ்வராஜ் மஸ்தா வேனா என்று கேட்க வேண்டாம். வாட்ச்மேன் முதல் மாமனார் வரை எல்லாரும் கேட்டாயிற்று.)

காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்கிறது. ஓட்டத்திலும் குறை இல்லை, 9000 ஆர்பிஎம் வரை தாராளமாகச் சுற்றுகிறது. ஆனால் அல்சூரிலிருந்து சில்க் போர்டு ஜங்ஷன் வரை டிராஃபிக்கில் ஊர்ந்துபோய், டீ குடிக்க நிறுத்திவிட்டு வந்தால் போச்சு. ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், என்ஜின் பிடிக்காது. பானட்டைத் திறந்துவைத்து முக்கால் மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. இன்னொன்று, சரிவில் தள்ளி இரண்டாவது கியரில் விட்டால் அந்தச் சூட்டிலும் பிடிக்கிறது. செக் என்ஜின் விளக்கு எரியவில்லை.

ஒரு கேரேஜில் நான்கு பிளக்கையும் மாற்றினார்கள். அப்புறம் ஃப்யூயல் பம்ப் என்றார்கள், அதையும் மாற்றியாயிற்று. பலன் இல்லை. இப்போது ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போய்விட்டது என்கிறார்கள். அந்தச் செலவுக்கு முன்னால் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

பழைய பத்மினி

சந்தேகமே வேண்டாம், வேப்பர் லாக். சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். என் பழைய பத்மினி காரில் மே மாத வெயிலில் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டு ஆறவைப்போம், உடனே கிளம்பும். இப்போது எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வேறு. கேட்கவா வேண்டும்?

சிக்னல் சிகாமணி

சில்க் போர்டில் நின்றால் எனக்கே சூடாகி ஸ்டார்ட் ஆகாது. வண்டியைக் குறை சொல்லாதீர்கள்.

கல்ஃப் ரிட்டர்ன்

தம்பி, ஈசியு பக்கம் போகாதீர்கள். நான் வளைகுடாவில் ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 இரண்டிலும் நிறைய கை வைத்தவன். அந்த ஊர்ச் சூட்டில் இந்த நோய் வராத ஆர்எக்ஸ்-8 அபூர்வம்.

முதலில் பத்மினி சாருக்கு. அந்த வண்டியில் பம்ப் என்ஜினோடு ஒட்டி இருக்கும், கார்புரேட்டர், அழுத்தமும் குறைவு. இதில் பம்ப் டேங்க்குக்குள், இன்ஜெக்டர் வரை நல்ல அழுத்தத்தில் பெட்ரோல் நிற்கிறது. அதனால் வேப்பர் லாக் சுலபத்தில் வராது. சரி, சந்தேகம் தீர ஒரு காசு செலவில்லாத சோதனை: சூட்டில் மக்கர் செய்யும்போது சாவியை ஆன் வரை மட்டும் திருப்பி, பம்ப் சத்தம் நின்றதும் ஆஃப், மறுபடி ஆன். இப்படிச் செய்துவிட்டு கிராங்க் செய்து பிடித்தால் பெட்ரோல் அழுத்தம் இறங்குகிறது என்று அர்த்தம். பிடிக்காவிட்டால் அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

நீங்கள் சொன்னதிலேயே விஷயம் இருக்கிறது: தள்ளினால் பிடிக்கிறது. தள்ளும்போது பெட்ரோல் அதேதான், பிளக் அதேதான், ஈசியு அதேதான். மாறுவது என்ஜின் சுற்றும் வேகம் ஒன்றுதான். ரோட்டரியில் பிஸ்டன் ரிங் கிடையாது. ரோட்டரின் மூன்று முனைகளிலும் ஏபெக்ஸ் சீல், பக்கங்களில் சைடு சீல், இரண்டும் சேரும் இடத்தில் கார்னர் சீல். இவை தேய்ந்தால் காற்று நழுவும், கம்ப்ரஷன் (என்ஜின் காற்றை அழுத்தும் அளவு) குறையும். மெதுவாகச் சுற்றினால் நழுவ நேரம் அதிகம், வேகமாகச் சுற்றினால் குறைவு. குளிர்ந்திருக்கும்போது ஆயில் கெட்டியாக இருந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும், சூட்டில் தண்ணீராகிவிடும். போதாக்குறைக்கு ஸ்டார்ட்டரும் சூட்டில் தளரும். இரண்டும் சேர்ந்தால் நீங்கள் சொல்கிற கதைதான்.

ஆனாலும் ‘கம்ப்ரஷன் போச்சு, என்ஜினை இறக்கு’ என்று உடனே சொல்லமாட்டேன். இவற்றைப் பாருங்கள்:

கிராங்க் செய்யும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது அசைகிறதா? அசையவே இல்லையென்றால் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் சென்சார், அதாவது என்ஜினின் முக்கிய ஷாஃப்ட் சுற்றுவதை ஈசியுவுக்குச் சொல்லும் சென்சார். என்ஜின் முன்பக்கம் கீழே இருக்கும், அழுக்கும் இரும்புத்தூளும் ஒட்டும். கழற்றித் துடைத்தபின் சாவி ஆனில் 8 வினாடிக்குள் பிரேக்கை 20 தடவை மிதிக்க வேண்டும். ஆயில் பிரஷர் முள் விழுந்து எழும்பினால் ஈசியு பழைய கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகக் கற்கும். ஏதோ மந்திரம் மாதிரி இருக்கும், ஆனால் நிஜம்.

பிளக்குக்கு மின்பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில்கள் இந்த வண்டியின் தெரிந்த பலவீனம். எப்போது மாற்றியது?

ஓபிடி டாங்கிள் (வண்டியின் கம்ப்யூட்டர் எண்களை போனில் காட்டும் கருவி) இருந்தால் குளிரிலும் சூட்டிலும் கிராங்க் ஆர்பிஎம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு முக்கியமாக வேண்டியது இதுதான்.

ஒரு எச்சரிக்கை. பிடிக்காத வண்டியை விடாமல் கிராங்க் செய்தால் பெட்ரோல் நிரம்பி பிளக் நனைந்துவிடும். ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு கிராங்க் செய்தால் இன்ஜெக்டர் நின்றுவிடும், உள்ளே இருப்பது வெளியேறும். நனைந்த நிலையில் தள்ளி ஸ்டார்ட் செய்யாதீர்கள். எரியாத பெட்ரோல், சைலன்சர் வழியில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைக் காலி பண்ணிவிடும்.

அல்சூர்வாசி

அண்ணா, இவ்வளவு விளக்கத்துக்கு நன்றி. பம்ப் சோதனை செய்தேன், மாற்றம் இல்லை. ஆர்பிஎம் முள் அசைகிறது. காயில்கள் போன வருஷம் முந்தைய உரிமையாளர் மாற்றிய பில் கையில் இருக்கிறது. கிராங்க் ஆர்பிஎம்: காலையில் 240, டிராஃபிக்கில் ஓட்டி நிறுத்தியபின் 200.

கல்ஃப் ரிட்டர்ன்

200 பத்தாது. மஸ்தாவின் கம்ப்ரஷன் கணக்கே 250 ஆர்பிஎம்மை வைத்துத்தான். ஆரம்பகால ஆர்எக்ஸ்-8களில் ஸ்டார்ட்டர் மந்தம் என்று மஸ்தாவே பின்னால் வேகமான ஸ்டார்ட்டர் கொடுத்தது.

ஸ்டார்ட்டர் வாங்கும் முன் வயரைப் பாருங்கள். மல்ட்டிமீட்டரில் ஒரு முனை பேட்டரி மைனஸில், மறுமுனை என்ஜின் உடம்பில் வைத்து யாரையாவது கிராங்க் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் கரண்ட்டைத் தின்கிறது. அப்புறம் கம்ப்ரஷன். சாதாரண பிஸ்டன் கேஜ் வைத்து ஒரே எண் சொன்னால் நம்பாதீர்கள். ஒரு ரோட்டருக்கு மூன்று முகம். கேஜில் இருக்கும் வால்வு அந்த மூன்றில் பெரியதை மட்டும் பிடித்துவைத்துக் காட்டும், செத்த முகம் மறைந்துவிடும்.

எஸ்பி ரோடு பையன்

ரோட்டரி டெஸ்டர் இங்கே தேடினால் கிடைப்பது கஷ்டம், ஆனால் செய்துவிடலாம் சார். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்பி ரோட்டில் 0–150 பிஎஸ்ஐ பிரஷர் சென்சார் கிடைக்கும். 5 வோல்ட் கொடுத்தால் அழுத்தத்துக்கு ஏற்ப 0.5 முதல் 4.5 வோல்ட் வரை தரும். பிளக் நூலுக்கு ஏற்ற அடாப்டரை ஒரு லேத்தில் கடைந்துகொள்ளலாம். ஆர்டுயினோ என்ற குட்டி கம்ப்யூட்டர் போர்டில் பதிவு செய்தால் மேடு மேடாக வரும், ஒவ்வொரு மேடும் ஒரு முகம். ரோட்டர் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றுவதால், ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேடு வரை ஷாஃப்ட்டின் ஒரு சுற்று. இடைவெளி 0.24 வினாடி என்றால் 250 ஆர்பிஎம். ஆர்பிஎம்முக்குத் தனி மீட்டர் வேண்டாம். குழாயை மட்டும் முடிந்தவரை குட்டையாக வையுங்கள், உள்ளே இடம் கூடினால் ரீடிங் குறைந்துவிடும்.

நான் ஜீவன்பீமா நகரில்தான் இருக்கிறேன். சனிக்கிழமை வரட்டுமா?

அல்சூர்வாசி

தாராளமா வாங்க, பிரியாணி என் பொறுப்பு.

எஸ்பி ரோடு பையன்

முடிந்தது. வண்டியை நன்றாகச் சூடாக்கி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து எடுத்தோம். மேடுகளின் இடைவெளி 0.3 வினாடி, அதாவது 200 ஆர்பிஎம். சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கில், முன் ரோட்டர் மூன்று முகமும் 5.6 கிலோவை ஒட்டி, பின் ரோட்டர் 5 கிலோ.

எர்த் கேபிளில் 0.9 வோல்ட் இறங்கியது. ரப்பர் உறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சையாகப் பூத்திருந்தது, விரல் பட்டதும் இழைகள் உதிர்ந்தன. வெளியிலிருந்து பார்த்தால் புதுக் கேபிள் போலத்தான் இருந்தது.

டர்போ தாத்தா

5 கிலோவா? மஸ்தாவின் குறைந்தபட்சமே 6.9. என்ஜின் முடிந்தது. ரீபில்டுக்கு (என்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்க) பணம் சேர்க்கவும்.

கல்ஃப் ரிட்டர்ன்

பொறுங்கள் தாத்தா. அந்த 6.9 என்பது 250 ஆர்பிஎம்மில். 200-ல் எடுத்த எண்ணை அதோடு நேராக ஒப்பிட முடியாது. தம்பி, கேபிளை மாற்றி, வேகமான ஸ்டார்ட்டரும் போட்டுவிட்டு, அதே சூட்டில் மறுபடி எடுங்கள். எண்ணைவிட மேடுகளின் உருவத்தைப் பாருங்கள். ஒரு ஏபெக்ஸ் சீல் உடைந்தால் அதன் இரண்டு பக்கத்து முகங்களும் சேர்ந்து விழும், ஏனென்றால் அது இரண்டு அறைகளுக்கும் பொதுச்சுவர். ஒரு முகம் மட்டும் விழுந்தால் சைடு சீல் மேல் சந்தேகம். மூன்றும் சமமாகக் குறைந்தால் பொதுவான தேய்மானம்.

அல்சூர்வாசி

ஸ்டார்ட்டர் வந்து சேரக் கொஞ்ச நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். புதுக் கேபிள், புது ஸ்டார்ட்டர். சூட்டில் 250 ஆர்பிஎம் வருகிறது. அதே டெஸ்டர், அதே சூடு:

முன் ரோட்டர் 6.6, 6.5, 6.7
பின் ரோட்டர் 6.0, 5.9, 6.0

சில்க் போர்டு வரை போய் நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். இரண்டு மூன்று வினாடி கிராங்க், பிடித்துக்கொண்டது! ஆனால் எண்கள் இன்னும் 6.9-க்குக் கீழேதானே அண்ணா?

டர்போ தாத்தா

அதைத்தான் நானும் சொன்னேன். இரண்டு ரோட்டரும் ஃபெயில்.

கல்ஃப் ரிட்டர்ன்

இல்லை. பெங்களூர் எங்கே இருக்கிறது என்பதை மறந்துவிட்டோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தமே சென்னையைவிட ஏறக்குறைய பத்து சதவீதம் குறைவு. என்ஜின் உறிஞ்சும் காற்று மெலிந்தால் அழுத்திய பின் வரும் எண்ணும் அதே விகிதத்தில் குறையும். கடல் மட்டத்துக்குக் கொண்டுவர 1.11-ஆல் பெருக்குங்கள். முன் ரோட்டர் 7.2 முதல் 7.4, பாஸ். பின் ரோட்டர் 6.5 முதல் 6.7, எல்லைக்குச் சற்றுக் கீழே.

முகங்களுக்குள் வித்தியாசம் 1.5-ஐத் தாண்டக்கூடாது, ரோட்டர்களுக்கு இடையே 1.0. இரண்டுமே உள்ளே இருக்கிறது. மேடுகள் சமம், ஆக எந்த சீலும் உடையவில்லை. பின் ரோட்டர் வயதாகிவிட்டது, அவ்வளவுதான். அரித்த கேபிளும் மந்தமான ஸ்டார்ட்டரும் அதை இன்னும் மோசமாகக் காட்டிக்கொண்டிருந்தன.

பழைய பத்மினி

அப்போ இ20 இல்லையா?

கல்ஃப் ரிட்டர்ன்

இந்த வண்டியில் இல்லை சார். அதே பெட்ரோலில்தான் இப்போது சூட்டில் ஸ்டார்ட் ஆகிறது.

அல்சூர்வாசி

அப்போது ரீபில்ட் எப்போது செய்ய வேண்டியிருக்கும் அண்ணா? இப்படியே ஓட்டினால் என்ஜின் கெட்டுப்போகுமா?

கல்ஃப் ரிட்டர்ன்

ஓட்டலாம். சூடு ஏற விடாதீர்கள், கூலன்ட்டும் ரேடியேட்டர் ஃபேனும் ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் அளவை ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடும்போதும் பாருங்கள். இந்த என்ஜின் சீல்களை நனைக்க ஆயிலை வேண்டுமென்றே எரிக்கும், அது கோளாறு இல்லை. ரோட்டரிக்காரர்கள் பெட்ரோலில் லிட்டருக்கு 4 மில்லி அளவுக்கு டூ ஸ்ட்ரோக் ஆயில் கலப்பதுண்டு. மஸ்தா சொன்ன யோசனை இல்லை, நான் செய்வேன். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைபட்டிருக்கிறதா என்பதையும் ஒருதடவை பார்த்துவிடுங்கள். அடைத்தால் சூடு திரும்பி என்ஜினுக்கே வரும், மிச்ச ஆயுளும் சீக்கிரம் போய்விடும்.

ரீபில்ட் என்று வரும்போது சீல் செட் மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். பிளக் துளைகளுக்குப் பக்கத்தில் ரோட்டரைச் சுற்றியுள்ள கூடான ஹவுசிங்கின் குரோமியப் பூச்சு உரிந்திருந்தால் புது சீலையும் அது தின்றுவிடும். திறந்ததும் அந்த இடத்தைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

எஸ்பி ரோடு பையன்

சென்சாரை சார் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். ஆறு மாதம் கழித்து அதே சூட்டில், அதே 250-ல் இன்னொரு தடவை எடுங்கள். பின் ரோட்டர் எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று தெரிந்துவிடும். வேறு யாருக்காவது ரோட்டரி இருந்தால் சர்க்யூட்டும் புரோகிராமும் தருகிறேன், கேளுங்கள்.

சிக்னல் சிகாமணி

பெங்களூரில் இன்னொரு ஆர்எக்ஸ்-8 இருந்தால் அதுவும் இந்நேரம் சில்க் போர்டில்தான் நிற்கும். போய்க் கேட்டுப் பாருங்கள்.