வாக்கி-டாக்கியை அணைக்கக் கூடாது என்றால் அது இடைவேளையா?

இரவுக்கண்:
ஒரு பெரிய வளாகத்தின் கண்காணிப்பு அறையில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். ஒரே ஆள், எதிரே சுவர் முழுக்கக் கேமராத் திரைகள். பதிவேட்டில் ‘1.00 – 1.30 உணவு இடைவேளை’ என்று முன்கூட்டியே அச்சடித்து, பக்கத்தில் கையெழுத்துக்குக் கட்டமும் போட்டிருக்கிறார்கள். அந்த அரை மணிக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் அறையை விட்டு நகரக் கூடாது, வாக்கி-டாக்கியை அணைக்கக் கூடாது, கூப்பிட்டால் உடனே பதில் சொல்ல வேண்டும்.

நேற்று டப்பாவைத் திறந்து ஒரு வாய் வைத்திருப்பேன், பின்வாசலில் சரக்கு வண்டி. இடது கையால் பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்தேன். வலது கை எச்சிலாக இருந்ததால் வண்டி எண்ணை எழுத முடியவில்லை. சாப்பாட்டை மூடிவைத்துக் கை கழுவும்வரை எண்ணை முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். கழிப்பறை விஷயம் தனிக்கதை. தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன்.

மேற்பார்வையாளரிடம் சொன்னால், “உட்கார்ந்துதானே இருக்கிறீர்கள், ராத்திரி முழுக்க ஓய்வுதானே” என்கிறார். உட்கார்ந்திருப்பதுதான் ஓய்வென்றால் பரீட்சை எழுதும் பிள்ளைகளும் ஓய்வெடுக்கிறார்கள் போலிருக்கிறது. அந்தக் கட்டத்தில் நான் கையெழுத்துப் போடலாமா, மறுக்கலாமா?

சட்டப்பித்தன்:
இடைவேளைச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் ஏறக்குறைய உங்கள் கதையே ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பிராக் நகரில் பணியாற்றிய ஒரு தீயணைப்பு வீரர். ஷிப்டுக்கு இரண்டு அரை மணி இடைவேளை. கையில் அழைப்புக் கருவி. அழைத்தால் இரண்டு நிமிடத்தில் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும். அழைப்பு வந்தால்தான் அந்த நேரத்துக்குச் சம்பளம். நேரத்தைத் தன் விருப்பப்படி செலவிட முடியாத அளவுக்குக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தால் அது வேலை நேரமே என்று 2021 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அழைப்பு அபூர்வமாக வந்தாலும் பரவாயில்லை. எப்போது வருமோ என்று காத்திருப்பதே ஆளை உஷார் நிலையில் வைத்துவிடும் என்றும் சொன்னார்கள். உங்கள் நாட்டை இது கட்டுப்படுத்தாமல் போகலாம். வாதத்துக்கு உதவும்.

பழைய ஷிப்ட் பொறுப்பாளர்:
தம்பி, மேற்பார்வையாளரைத் திட்டிப் பயனில்லை. நானும் அந்த நாற்காலியில் இருந்தவன்தான். மாற்று ஆள் போட்டால் செலவு. கட்டம் அச்சடித்தால் காகிதம் மட்டும்தான் செலவு. விஷயம் அவ்வளவே.

வெறுமனே கையெழுத்தை மறுத்தால் முரண்டு பிடிக்கிறான் என்பார்கள். கையெழுத்துப் போடுங்கள், பக்கத்திலேயே நடந்ததையும் எழுதுங்கள்: ‘1.08 பின்வாசல் அழைப்பு, கதவு திறந்தேன்’. பதிவேடு அவர்கள் கையில் இருக்கும், அதனால் உங்கள் நோட்டிலும் ஒரு வரி. அப்புறம் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: “அந்த அரை மணி திரைகளை யார் பார்க்க வேண்டும்?” யாருடைய பெயரையாவது சொன்னால் உங்களுக்கு மாற்று ஆள் கிடைத்துவிட்டார். ‘நீங்கள்தான்’ என்றால் அது வேலை என்று அவர்களே எழுதிக்கொடுத்த மாதிரி.

வெயில்:
எல்லாம் சரி ஐயா. தனி ஆளாகக் கேட்டால் அடுத்த மாதம் ஷிப்ட் அட்டவணையில் பழி தீர்த்துவிடுவார்கள். என் பழைய இடத்தில் அதுதான் நடந்தது.

இரவுக்கண்:
நன்றி. நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டேன். ‘கட்டத்துக்கு வெளியே ஏன் எழுதுகிறீர்கள்’ என்று காலையில் கேட்டார்கள். கட்டம் சின்னது என்றேன். இரவு ஷிப்டில் மாறி மாறி வரும் மற்ற இருவரும் கடிதத்தில் கையெழுத்திடச் சம்மதித்துவிட்டார்கள். பகல் ஆட்களுக்கு மாற்று ஆள் உண்டு, அதனால் தயங்குகிறார்கள். கடிதத்தை மேற்பார்வையாளருக்கு எழுதுவதா, மனிதவளப் பிரிவுக்கா?

பழைய ஷிப்ட் பொறுப்பாளர்:
மனிதவளப் பிரிவுக்கு, அவருக்கு நகல். பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்து வாங்காமல் திரும்பாதீர்கள்.