அம்மாவுக்கு முட்டிவலி, அப்பாவுக்கு எல்லாம் பார்க்கணும்: பாரிஸில் நான்கு நாள், எப்படிச் சமாளிப்பது?

செர்ஜிவாசி:

வணக்கம். வேலைக்காக வந்து பாரிஸுக்கு வெளியே செர்ஜியில் குடியிருக்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் விழுப்புரத்திலிருந்து அப்பா, அம்மா, கூடவே அக்கா பையன் (12 வயது) வருகிறார்கள். சில வாரம் இருப்பார்கள். ஆனால் எனக்கு லீவு கிடைத்திருப்பது ஒரு வாரத்தில் திங்கள் முதல் வியாழன் வரை மட்டும்தான்.

அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். சமதரையில் மெதுவாக நடப்பார். படிக்கட்டு என்றால் முகம் மாறிவிடும், ஆனால் வாயைத் திறந்து முடியவில்லை என்று சொல்லமாட்டார். வீல்சேர் என்று பேச்செடுத்தாலே கோபம் வரும். அப்பா நேர் எதிர். ரயில்வேயில் லோகோ பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். யூடியூப் பார்த்து ஒரு நோட்டில் இடங்களை வரிசையாக எழுதிவைத்து, தினமும் போனில் ஒன்றைச் சேர்க்கிறார். ஈஃபில் கோபுரத்தின் உச்சி, லூவர் அருங்காட்சியகம், வெர்சாய் அரண்மனை மூன்றும் அதில் சிவப்பு மையில் இருக்கின்றன. இருவரும் சுத்த சைவம்.

மெட்ரோவில் படி ஏற வைக்காமல் அம்மாவை எப்படிக் கூட்டிப்போவது? ஈஃபில் உச்சி வரை போவது தேவையா? லூவரில் அவர்களுக்கு என்ன இருக்கிறது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதின்மூன்றாம்வட்டம்:

தம்பி, எங்கள் வீட்டுக்கு மாமனார் மாமியாரும், என் அம்மாவும், சித்தப்பா குடும்பமும் மாறி மாறி வந்து போயிருக்கிறார்கள். நான் வேலைக்குப் போகும் நாட்களைவிட வழிகாட்டியாக இருந்த நாட்கள் அதிகமோ என்று வீட்டில் கேலி செய்வார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், நாலு பேரும் எப்போதும் ஒன்றாகவே சுற்றணும் என்ற எண்ணத்தை விடுங்கள். நம் குடும்பங்களில் இதுதான் பெரிய தொல்லை. ஒருவர் உட்கார்ந்தால் எல்லோரும் உட்காரணும், ஒருவர் ஏறினால் எல்லோரும் ஏறணும். அம்மா எங்கே வசதியாக உட்காரலாம் என்பதை முதலில் தீர்மானியுங்கள். அந்த இடத்தைச் சுற்றி அப்பாவும் பேரனும் வேண்டிய மட்டும் அலையட்டும். துய்லெரி தோட்டத்தில் பச்சை நிற இரும்பு நாற்காலிகள் நிறையக் கிடக்கும், காசு கிடையாது. சாய்ந்து உட்காரும் ரகமும் உண்டு. அம்மாவை அங்கே நிழலில் உட்காரவைத்து நீங்கள் துணைக்கு இருங்கள். அவர்கள் கொன்கோர்து சதுக்கம் வரை போய் தூணைப் பார்த்துவிட்டு வருவார்கள். லுக்ஸம்பூர் தோட்டத்திலும் இதே வசதி.

இப்போது மெட்ரோ. பாரிஸ் மெட்ரோவில் தெருவிலிருந்து நடைமேடை வரை லிஃப்ட் உள்ள நிலையங்கள் குறைவு. 14ஆம் தடம் மட்டும் முழுக்க லிஃப்ட் வசதியோடு இருக்கிறது. எஸ்கலேட்டர் இருந்தாலும், அது முடிந்த இடத்தில் எட்டுப் படி தனியாக நிற்கும். ஷாத்லே நிலையத்தில் தடம் மாறுவதை அறவே தவிர்த்துவிடுங்கள். அந்தச் சுரங்கப் பாதைகளில் நடக்கிற தூரத்துக்கு வெளியே ஒரு கடைத்தெருவே பார்த்துவிடலாம்.

அம்மாவுக்குப் பேருந்துதான். தாழ்தளம், ஜன்னல், வேடிக்கை. 69ஆம் எண் வண்டி ஷான் து மார்ஸில் ஈஃபில் கோபுரம் பக்கத்தில் கிளம்பி ஓர்சே அருங்காட்சியகம், லூவர், பஸ்தீல் வழியாக பேர் லஷேஸ் கல்லறையைத் தாண்டி கம்பெத்தா வரை போகும். சுற்றுலாப் பேருந்துக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். ஆனால் ஒற்றை டிக்கெட் வாங்காதீர்கள். 2025 ஜனவரி முதல் மெட்ரோவுக்கு ஒரு டிக்கெட், பேருந்துக்கு வேறு டிக்கெட் என்று பிரித்துவிட்டார்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற முடியாது. உங்களுக்கு லீவு திங்களில் தொடங்குவது நல்லதாகப் போயிற்று. நவிகோ என்ற பயண அட்டையில் வாரப் பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும். முப்பது யூரோவுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். செர்ஜி, வெர்சாய், விமான நிலையம் எல்லாம் அதிலேயே அடக்கம். ஆளுக்கொரு அட்டை, அதற்கு ஒரு சிறிய புகைப்படம். ஊரிலிருந்து வரும்போதே எடுத்துவரச் சொல்லுங்கள். ஒருவர் அட்டையைக் காட்டி நாலு பேர் நுழைய முடியாது, பரிசோதகர்கள் சிரித்துக்கொண்டே அபராதம் எழுதுவார்கள்.

விடுமுறை நாள் பாருங்கள்: திங்களன்று ஓர்சேயும் வெர்சாய் அரண்மனையும் மூடல். செவ்வாயன்று லூவரும் ஒரான்ஜெரி ஓவியக்கூடமும் மூடல். ஆக, திங்கள் ஈஃபில். நீங்கள் வரும் ஆர்இஆர் ஏ புறநகர் ரயிலில் ஷார்ல் து கோல் எத்வாலில் இறங்கி 6ஆம் தடம் பிடியுங்கள். அது அங்கேயே தொடங்குவதால் உட்கார இடம் கிடைக்கும். இடது பக்க ஜன்னலில் அம்மாவை உட்காரவையுங்கள். பஸ்ஸி தாண்டியதும் ரயில் பாலத்தில் ஏறி சேன் நதியைக் கடக்கும். அப்போது கோபுரம் முழுசாகக் கண்ணெதிரே நிற்கும். என் மாமியாருக்கு மேலே ஏறிப் பார்த்ததைவிட இதுதான் பிடித்தது. திரும்பி வரும்போது இன்னொரு தரம் போகலாமா என்று கேட்டார்.

உச்சி வேண்டாம் என்பதே என் கட்சி. இரண்டாம் தளம் 116 மீட்டர். அங்கிருந்து பார்த்தால் நோத்ர் தாம் எது, லூவர் எது என்று விரலால் காட்டலாம். 276 மீட்டரில் இருக்கும் உச்சிக்குப் போக அங்கே இன்னொரு லிஃப்டுக்கு மறுபடி வரிசை. மேலே போனால் காற்று ஆளைத் தள்ளும், கீழே எல்லாமே ஒரே சாம்பல் நிறக் கூரைகள். கோபுரத்தைப் பார்க்கணும் என்றால் ராத்திரி பாருங்கள். இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி தொடங்கும்போதும் ஐந்து நிமிடம் 20,000 விளக்குகள் மின்னும். ஆகஸ்டில் இருட்ட ஒன்பது மணி ஆகிவிடும், அதற்கேற்ப மதியம் அம்மாவைத் தூங்கவிடுங்கள்.

செவ்வாய்க்கு ஓர்சே. உங்கள் அப்பாவின் நோட்டில் இது இல்லாவிட்டாலும் கூட்டிப்போங்கள். 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையம் அது. பிறகு ரயில்கள் நீளமாகிவிட, நடைமேடை போதாமல் 1939 வாக்கில் தொலைதூர வண்டிகள் நின்றுபோயின. 1986இல்தான் அருங்காட்சியகமானது. சிலைகள் வரிசையாக நிற்கிற நடுக்கூடத்தில்தான் ஒரு காலத்தில் வண்டிகள் நின்றன. மேல்தளத்தில் பெரிய கடிகாரத்தின் கண்ணாடி வழியாக நதிக்கு அந்தப்பக்கம் தெரியும். லிஃப்ட் உண்டு. வான்கோவை யார் பார்க்கிறார்களோ இல்லையோ, நடைமேடை எங்கே இருந்திருக்கும் என்று அப்பா அளந்துகொண்டிருப்பார் பாருங்கள்.

லூவருக்குப் புதன். அன்று ராத்திரி 9 மணி வரை திறந்திருக்கும், மாலையில் கூட்டம் கொஞ்சம் குறையும். டிக்கெட்டும் நேரமும் முன்பே பதிவு செய்யணும். மோனா லிசா அகலம் 53 சென்டிமீட்டர், உயரம் 77. அதன் முன்னால் நூறு கைப்பேசிகள் தூக்கியபடி இருக்கும். அம்மாவை அந்த நெரிசலில் விடாமல் அப்படியே திருப்பி நிறுத்துங்கள். எதிர்ச்சுவர் முழுக்க வெரோனேசே வரைந்த கல்யாண விருந்து, ஏழு மீட்டருக்குப் பத்து மீட்டர் இருக்கும். நெப்போலியன் படை வெனிஸிலிருந்து 1797இல் கொண்டுவந்தது. பந்தி, பரிமாறுகிறவர்கள், வாத்தியக்காரர்கள், மேசைக்கடியில் நாய் என்று நம் அம்மாக்கள் அதில் ஒரு மணி நேரம் கதை சொல்வார்கள். அப்புறம் வேறெதையும் பார்க்காவிட்டாலும் வெளியே வந்துவிடலாம்.

முடிந்தால் ஒரான்ஜெரி. ஓவியர் மோனே வரைந்த அல்லிக்குளம், இரண்டு முட்டை வடிவ அறைகள், நடுவில் இருக்கைகள். உட்கார்ந்தபடியே சுற்றிப் பார்க்கிற அருங்காட்சியகம் இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

கடைசியாக, கேட்கக் கூச்சப்படுகிற விஷயம்: கழிப்பறை. தெருவோரத்தில் சாம்பல் நிறப் பெட்டி மாதிரி இருப்பவை இலவசம். ஒருவர் வெளியே வந்ததும் கதவு மூடி, உள்ளே தானாகத் தண்ணீர் அடித்துக் கழுவும். கதவு திறந்திருக்கிறதே என்று அம்மா அவசரமாக நுழைந்துவிடாமல், பச்சை விளக்கு வந்த பிறகு போகச் சொல்லுங்கள்.

லாச்சப்பல்_ஆள்:

அக்கா சொன்னது எல்லாம் சரி. சாப்பாட்டை மட்டும் அவ விட்டுவிட்டா, அதை நான் சொல்லுறன்.

தம்பி, கார் து நோர் ஸ்டேசனுக்குப் பின்பக்கம் லாச்சப்பலுக்கு வாருங்கோ. ஃபோபூர் சன் தெனி வீதியின் மேல்முனையிலும் ரூ கைல், ரூ பெர்தொனே பக்கமும் முழுக்க எங்கட ஆட்கள்தான். இலங்கையில் 83 கலவரத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தவை தொடங்கினது. தோசை, இட்லி, இடியப்பம், சைவச் சாப்பாடு எல்லாம் கிடைக்கும். ஆனால் எல்லாக் கடையும் சுத்த சைவம் இல்லை. ஒரே அடுப்பில் கொத்துரொட்டியும் போடுவினம், கேட்டுவிட்டு உட்காருங்கோ. அம்மாவுக்கு முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் பாரிஸில் பார்த்தாலே பாதிக் களைப்புப் போய்விடும்.

பக்கத்தில் ரூ பஜோலில் மாணிக்க விநாயகர் கோயில். 1985இல் தொடங்கினது. வழக்கமாக ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு தேர். உங்கட அப்பா அம்மா இருக்கிற நாட்களிலேயே வரலாம், தேதியைக் கோயிலில் கேளுங்கோ. வீதியெல்லாம் தேங்காய் உடைத்து, காவடி, கற்பூரச்சட்டி என்று பிரெஞ்சு சனமும் சேர்ந்து நிற்கும். ஞாயிறுதானே, லீவு போடத் தேவையில்லை, அலுவலகம் ஒன்றும் சொல்லாது. கூட்டம் நெருக்கும், அம்மாவைக் காலையிலேயே கொண்டுவந்து ஓர் ஓரமாக இருத்துங்கோ.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அங்கிருந்தே 2ஆம் தடத்தில் இரண்டு நிலையம், ஆன்வேர். மோன்மார்த் மலைக்கு இழுவை ரயில் இருக்குது, வாரப் பாஸ் அதிலும் செல்லும். அதைப் பராமரிப்புக்கு நிறுத்தியிருந்தால் 40ஆம் எண் சிறிய பஸ் மேலே போகும். அபேஸ் நிலையத்தில் மட்டும் இறங்கவேண்டாம், நிலத்துக்குக் கீழே 36 மீட்டர். லிஃப்ட் வேலை செய்யாவிட்டால் அம்மாவின் கதி? மலையடியில் கையில் நூல் கட்ட வருகிறவர்களிடம் கையைக் கொடுக்கவேண்டாம். கட்டி முடிந்ததும் காசு கேட்டு விடமாட்டினம். அம்மா சாமிக்கயிறு என்று நினைத்துக் கையை நீட்டிவிடுவா, அதுதான் எனக்குப் பயம்.

மொட்டைமாடி:

உச்சி வேண்டாம் என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஊருக்குத் திரும்பியதும் தெருவில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "உச்சிக்குப் போனீங்களா?" என்பதுதான். அதற்கு அப்பா பதினைந்து நிமிடம் நதிப்பாலம், ஜன்னல் என்று விளக்கிக்கொண்டிருக்கணுமா? அப்பாவுக்கும் பையனுக்கும் உச்சி டிக்கெட், அம்மாவுக்கும் உங்களுக்கும் இரண்டாம் தளம் என்று ஒரே நேரத்துக்கு வாங்குங்கள். இரண்டாம் தளம் வரை சேர்ந்து போய், அவர்கள் மேலே போய்வரும்வரை நீங்கள் அங்கே காத்திருக்கலாம். லிஃப்ட் டிக்கெட் 60 நாளுக்கு முன்பிருந்தே இணையத்தில் திறக்கும், ஆகஸ்டுக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும். காற்று அதிகமானால் உச்சியை மட்டும் மூடுவார்கள், அது நம் கையில் இல்லை.

வெர்சாய்க்கு நீங்கள் பாரிஸுக்குள் வரவே வேண்டாம். ஆர்இஆர் ஏயில் லா டிஃபான்ஸ் வந்து, அங்கே எல் தட ரயிலில் வெர்சாய் ரீவ் துருவாத். நிலையத்திலிருந்து அரண்மனைக்குப் பதினைந்து, இருபது நிமிட நடை, அம்மாவுக்கு அந்த இடத்தில் மட்டும் ஒரு டாக்சி பிடியுங்கள். வாசல் முற்றம் முழுக்க உருட்டுக்கல் பதித்த தரை, செருப்பு நல்லதாக இருக்கட்டும்.

செர்ஜிவாசி:

எல்லோருக்கும் நன்றி. உச்சி விஷயத்தில் மொட்டைமாடி சொன்னபடி பிரித்துவிடப் போகிறேன். இரண்டு சந்தேகம். ஒன்று, ஆகஸ்டில் ஆர்இஆர் ஏ நிறுத்திவிடுவார்கள் என்கிறார்களே? இரண்டு, அப்பாவுக்கு டிஜிவி அதிவேக ரயில் பார்க்கணுமாம். ஏறணும் என்றுகூட இல்லை, பக்கத்தில் நின்று பார்த்தால் போதுமாம்.

பதின்மூன்றாம்வட்டம்:

கோடையில் சில பகுதிகளைப் பராமரிப்புக்காக நிறுத்துவது உண்டு. கிளம்பும் வாரத்தில் செயலியில் பாருங்கள். லா டிஃபான்ஸ் வரை வண்டி வந்தால் உங்களுக்குக் கவலையே இல்லை. மெட்ரோவின் 1ஆம் தடம் அங்கேதான் தொடங்குகிறது.

அதைவிட, அப்பாவை ஒரு தரம் அதில் கூட்டிப்போங்கள். 1900இல் ஓடத்தொடங்கிய பழைய தடம், 2012 முதல் முழுக்க ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது. தொடங்குகிற நிலையம் என்பதால் ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில் முதல் பெட்டியின் முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் தாத்தாவும் பேரனும் நிற்கலாம். கொஞ்ச தூரத்தில் வெளிச்சத்துக்கு வந்து நதியைக் கடந்து மறுபடி சுரங்கத்துக்குள் போகும். ஆளே இல்லாமல் வண்டி ஓடுவதைப் பற்றி அப்பா என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள், எனக்கு ஆவலாக இருக்கிறது. அதே தடத்தில் கார் து லியோனில் இறங்கினால் டிஜிவி வரிசையாக நிற்கும், இரட்டை அடுக்கு வண்டிகளும். 2007இல் இதே குடும்பத்து வண்டி ஒன்று சோதனை ஓட்டத்தில் மணிக்கு 574.8 கிலோமீட்டர் எட்டியது. சாதாரணமாக 300, 320 வரை. நடைமேடைக்குள் நுழைய சில தடங்களில் டிக்கெட் ஸ்கேன் செய்யும் கதவு இருக்கும், அதற்கு முன்னால் நின்றாலே மூக்குப்பகுதி நன்றாகத் தெரியும். அம்மாவுக்கு அந்த நிலையத்தில் இருக்கைகள் உண்டு. பிளாஸ்கில் காபி கொண்டுபோய்விடுங்கள், அங்கே விற்பது அம்மாவுக்குக் கசக்கும்.